வெம்மைக்கேற்ற வேட்டை நாய்

உதகை அரசு கலைக் கல்லூரித் திடலில் மே மாதத்தில் நடைபெறும் நாய்க் கண்காட்சிக்கு யாமும் எம் தமக்கையாரின் கணவரும் சென்றிருந்தோம். அத்தான் கோயம்புத்தூரில் வாழ்பவர். பறவை வேட்டைக்கென வளர்க்கப்பெற்ற குலத்தில் ஒரு குட்டி வாங்கவேண்டுமென்பது அவருக்கு நெடுநாளைய ஆசை. வரிசையாகக் கட்டப்பட்டிருந்த நாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, "தம்பி, நீ மலையிற் பிறந்தவன். இவற்றுள் எது எங்கள் ஊர் வெயிலைத் தாங்கும், சொல்" என்றார். யாம் வாளாவிருந்தோம். விடை தெரியாமை மட்டும் அதற்குக் காரணமன்று. பழைய நினைவொன்று நாவைத் தடுத்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம். அன்று சொல்லாத விடையைத் தேடிப் படித்தும், தோட்டத்து முதியோரைக் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

வேட்டை என்றவுடன் அன்பர்கள் துப்பாக்கியை எண்ணிக் கலங்க வேண்டா. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைப் பெரிதும் கட்டுப்படுத்திற்று. உரிமச்சீட்டுப் பெற்றுச் சில உயிர்களைச் சுடலாமென முதலில் அதில் இருந்த வழியும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைபட்டது. ஆகவே இன்று நீலகிரியிற் காட்டுக்கோழியைச் சுடுவோன் குற்றவாளி. ஆயினும் வேட்டை ஒழிந்ததேயன்றி, வேட்டைக்கென உருவாக்கப்பட்ட நாய்கள் ஒழிந்தில. நம் நகரங்களில் வீட்டு வாயில்தோறும் படுத்திருக்கும் லாப்ரடாரும், கோல்டன் ரிட்ரீவரும், காக்கர் ஸ்பானியலும் பறவை வேட்டை நாய்களே என்பதை அவற்றை வளர்ப்போரிற் பலர் அறியார். குளிர்நாட்டில் ஒரு தொழிலுக்கென அமைந்த உடலை வெயில்நாட்டிற் கொணர்ந்து கட்டிவைத்திருக்கிறோம் என்பதும் அவர்தம் நினைவில் இல்லை.

இந்நாய்களின் பெயர்களை முதலில் நோக்குவோம். தமிழிலக்கணம் பயில்வார்க்கு அஃது ஓர் இனிய பொழுதுபோக்கு. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்னும் நம் நாட்டு நாய்ப்பெயர்கள் இடவாகுபெயர்கள். ஊரைச் சொல்லுமேயன்றித் தொழிலைச் சொல்லா. ஆங்கில நாட்டுப் பறவை நாய்களின் பெயர்களோ பெரும்பாலும் தொழில்பற்றி வந்த காரணப்பெயர்கள். பறவை பதுங்கியிருக்குமிடத்தை மோப்பத்தால் அறிந்து, மூக்கை நீட்டி, முன்காலொன்றைத் தூக்கியபடி அசையாது நின்று சுட்டுவது பாயிண்டர். அவ்வாறறிந்தவுடன் நிலத்தோடு பதிந்து அமர்வது செட்டர். துப்பாக்கி பரவுமுன் பறவையின்மேல் வலை வீசிப் பிடித்தனராகலின், வலைக்கு இடங்கொடுத்துப் பதிதல் அந்நாய்க்கு வேண்டுவதாயிற்று. புதருட் புகுந்து பறவையைத் துள்ளி எழச்செய்வது ஸ்பிரிங்கர் ஸ்பானியல். சுடப்பட்டு வீழ்ந்ததைப் பல் அழுந்தாமற் கவ்வி மீட்டுத் தருவது ரிட்ரீவர். காக்கர் என்பது மட்டும் தொழிலினின்றன்றி ஒரு பறவையின் பெயரினின்று வந்தது. அப்பறவைக்கும் நீலகிரிக்கும் நெருங்கிய உறவுண்டு.

அதன் பெயர் வுட்காக். நம் வயல்களில் இறங்கும் உள்ளானுக்கு இனமானது, அதனினும் பருத்தது, நீண்ட அலகும் காய்ந்த சருகின் நிறமும் உடையது. குளிர்காலந் தொடங்குங்கால் இமயமலைப் பக்கத்தினின்று தெற்கே வந்து நீலகிரியின் சோலைகளில் தங்கும். பகலெல்லாம் சோலையுள் ஓடைக்கரையிற் சருகோடு சருகாய்க் கிடந்து, அந்தியில் வெளிப்பட்டுச் சதுப்பில் அலகை ஊன்றிப் புழுத் தேடும். ஈண்டுச் சோலை என்றது பூஞ்சோலையையன்று. புல்மலைகளின் மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குறுமரக் காட்டை. ஆங்கிலேயரும் இச்சொல்லையே 'ஷோலா' என எடுத்தாண்டு உலகத் தாவர நூல்களிற் புகுத்திவிட்டனர். தமிழ்ச்சொல் ஒன்று மலையேறிக் கடல் கடந்தமை எமக்கு மகிழ்ச்சியே.

தோட்டத் துரைமாரும் வெல்லிங்டன் படைவீட்டு அதிகாரிகளும் மார்கழிக் குளிரில், புல்லின்மேல் உறைபனி வெண்மை பூத்திருக்கும் காலையில், இப்பறவையை நாடிச் சென்றனர். துப்பாக்கியுடையோர் சோலையின் புறத்தே நிற்க, ஆட்களும் ஸ்பானியல் நாய்களும் உள்ளே புகுந்து பறவையை எழுப்புவது வழக்கம். குட்டைக் கால், முட்கீறாத அடர்ந்த மயிர், நனைந்தாலும் நடுங்காத உடல், சருகுக்கிடையில் விடாது நுழையும் மூக்கு: இவ்வேலைக்கு ஸ்பானியலைவிடப் பொருந்திய நாயில்லை. 1877-ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றிற்று. 1879-இற் சென்னை அரசாங்கம் நீலகிரிக்கெனவே வேட்டையுயிர்களையும் மீனையும் காக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. இது காக்கும் சங்கமா, சுடும் சங்கமா எனின், இரண்டும் என்பதே உண்மை. நாளையும் சுடுதற்கு இருக்கவேண்டுமென்றே இன்று காத்தனர். அச்சங்கமே பின்னாளில் வனவுயிர்ச் சங்கமெனப் பெயர் மாறியது. வென்லாக் புல்வெளியிற் குதிரைமீதேறி நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்திய உதகை வேட்டைக் குழுவின் கதை வேறு. அதனை ஈண்டுக் கலக்கவில்லை.

மலைமேல் இவ்வாறு பொருந்திய நாய், மலையிறங்கியவுடன் பொருந்தாதாயிற்று. உதகை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,350 அடி. மேட்டுப்பாளையம் 1,070 அடியளவே. மலை இரயிலில் 46 கிலோமீட்டர்ப் பயணம். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறரைப் பாகை வெப்பம் ஏறும் என்னும் பொதுக்கணக்கின்படி, இவ்விரண்டூர்க்கும் இடையே பன்னிரண்டு பாகை வேறுபாடு உண்டு. இருபத்துமூன்று பாகையில் விளையாடிக்கொண்டிருந்த நாய் ஒரு முற்பகலுக்குள் முப்பத்தைந்தில் நிற்கும். கீழ்நாட்டில் வேட்டையும் வேறு. நன்செயில் உள்ளான், புன்செய்ப் புதர்களிற் காடையும் கௌதாரியும். அவற்றுள் உள்ளானோ உச்சிவெயிலிற் சோம்பிப் பதுங்கி, கால் அருகே வரும்வரை எழாதாதலின், நண்பகலே அவ்வேட்டைக்கு உகந்ததெனக் கொண்டனர். நண்பகல் வெயிலில் நாயை ஓட்டுவது அதனைக் கொல்வதேயாகும் என்பதையறிந்தோர் நாயை விடுத்து ஆட்களைக்கொண்டே வரப்பை அலசினர்.

வெயில் நாய்க்கு ஏன் அத்துணைக் கொடிது? மனிதனுக்கு உடல் முழுதும் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலிற் சிறிதளவே வியர்க்கும். அதன் உடலிற் பிறக்கும் வெப்பம் பெரும்பாலும் மூச்சுவழியே வெளிச்செல்லல் வேண்டும். நாவைத் தொங்கவிட்டு இரைக்கும்போது, நாவின்மேலும் மூக்கின் உட்சுருள்களிலும் உள்ள ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காற்றிலேயே ஈரம் மிக்கிருப்பின் அவ்வீரம் ஆவியாகாது. ஆகவே மழைக்கு முன் புழுங்கும் நாள் வறண்ட வெயிலினும் நாய்க்குப் பகை. நலமுள்ள நாயின் உடல்வெப்பம் 38 பாகைக்கு மேல் 39 வரை. விரைந்தோடும் நாய்க்கு அது 41-ஐயும் எட்டும். எட்டியது விரைவில் தணிந்தால் தீங்கில்லை. தணியாது நிற்பின் குடலும் ஈரலும் சிறுநீரகமும் மூளையும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கெடும்.

இதில் வேட்டை நாய்க்கே உரிய இடர்கள் மூன்று கண்டோம். முதலாவது, வாயைத் திறந்து இரைக்கும் நாயால் நன்கு மோப்பம் பிடிக்க இயலாது. மூக்கு மோப்பத்திற்கும் மூச்சிற்கும் ஒருங்கே வேண்டப்படுகிறது. வெம்மை மிகுங்கால் மூச்சு வென்றுவிடும். ஆகவே வெப்பம் நாயை வீழ்த்துமுன் அதன் தொழிற்கருவியைப் பறித்துக்கொள்ளும். வறண்ட நிலத்தில் மணமும் நில்லாது. விடியற்காலைப் பனியீரத்திற் கிடைக்கும் மோப்பம் ஒன்பது மணிக்குக் கிடைப்பதில்லை. இரண்டாவது, பறவையைக் கவ்விவரும் நாய்க்கு வாய் அடைபட்டிருக்கும். இரைத்தற்கு வழி குறுகும். நெடுந்தொலை ஓடி, வெப்பம் உச்சத்திலிருக்கும் அந்த நேரத்திலேயே இவ்வடைப்பும் நேர்கின்றது. மூன்றாவதே பெரிது: நல்ல வேட்டை நாய் தானாக நில்லாது. காளை களைத்தாற் படுத்துக்கொள்ளும். கழுதை மறுத்து நிற்கும். பறவை நாயையோ நில்லாமைக்கென்றே பல தலைமுறை பொறுக்கி வளர்த்தனர். அது விழும்வரை ஓடும். ஆதலால் நிறுத்தும் பொறுப்பு முழுதும் உடையவனைச் சார்ந்தது. அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபெசன்ட் என்னும் வண்ணக்கோழி வேட்டை தொடங்கிய நாட்களில், எதிர்பாராத வெயிலால் நூறளவான நாய்கள் மடிந்தனவெனச் செய்தி வெளிவந்தது. அவையெல்லாம் பயின்ற நாய்கள். உடையவர்களும் பழகிய வேட்டைக்காரரே. குளிர்மாதம் என்று நம்பினமையே பிழை.

இனித் தேர்வுக்கு வருவோம். வெயிலுக்கு ஏற்ற உடல் எது? குறுகிய மயிர், வெளிர்நிறம், ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட மூக்கு. மூக்கு நீண்டால் உட்சுருள் மிகும். சுருள் மிகுந்தால் குளிர்ச்சி மிகும். முகஞ் சப்பையான நாய்கள் வெயிலில் முதலில் வீழ்வது இதனாலேயே. பருத்த நாய்க்கு உடற்பொருள் மிகுதி, மேற்பரப்புக் குறைவு. ஆதலின் அதுவும் ஆகாது. இவ்விலக்கணம் முழுதும் அமைந்த நாய் எதுவென நோக்கின், நம் சிப்பிப்பாறையும் கன்னியுமே கண்முன் நிற்கின்றன! தென்பாண்டிக் கரிசலின் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை; ஈர்க்கை வளைத்தாற்போன்ற உடலின.

ஆயின் உடல் இருந்தும் தொழில் இல்லை. இவை கண்ணால் வேட்டையாடுபவை. முயல் ஓடக் கண்டால் அம்பெனப் பாயும். புதரிற் பதுங்கிய காடையை மூக்கால் அறிந்து அமைதியாய் நிற்றல் இவற்றின் குருதியில் இல்லை. பறவையைக் கண்டவுடன் பாய்ந்து, வேட்டைக்காரன் அணுகுமுன் கலைத்துவிடும். கோம்பையும் இராசபாளையமும் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்பெற்றவை. பழந்தமிழ் நூல்களிலும் குறிஞ்சிநில வேட்டுவனோடு நாய் செல்வதைக் காண்கிறோம். தொல்காப்பிய உரையாசிரியர் திசைச்சொல்லுக்குக் காட்டும் சொற்களுள் நாயைக் குறிக்கும் ஞமலியும் ஒன்று. ஆயினும் அந்நாய் சென்றது பன்றியின் பின்னர். பறவைக்கு வலையும் கண்ணியும் இருந்தன, நாய் வேண்டப்படவில்லை. பறவையை அறிந்த நாய்க்கு வெயிலைத் தாங்கும் உடலில்லை. வெயிலைத் தாங்கும் நாய்க்குப் பறவையின் அறிவில்லை. நம் நாட்டிற் பறவை நாய் வாங்குவோன் எதிர்கொண்ட முட்டுப்பாடு இதுவே.

இவ்விரண்டும் ஓரளவு கூடுமிடம் பாயிண்டர். குறுமயிர், மெலிந்த விலா, நீண்ட மூக்கு. பெரும்பாலும் வெண்ணிறம் மிக்க மேனி. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காடை வேட்டைத் தோட்டங்கள் மிக்க ஜார்ஜியாவில் இந்நாயே பெரிதும் விரும்பப்படுவதற்கு அவ்விடத்து வெம்மை ஒரு காரணம். செருமானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய குறுமயிர்ப் பாயிண்டரும், அங்கேரி நாட்டுச் சமவெளியின் செந்நிற விஸ்லாவும் இதற்கு அடுத்தவை. ஆனால் செருமானிய நாய்களிற் பல கருமை கலந்த பழுப்புநிறத்தன. கருநிறம் வெயிலை உண்ணும். செட்டர் அழகில் எதற்கும் தாழாது. அதன் பட்டுமயிர் கண்காட்சிக்குப் பொருந்தும், கோவைப் பங்குனிக்குப் பொருந்தாது. லாப்ரடாரின் முன்னோர் நியூபவுண்ட்லாந்துத் தீவின் குளிர்க்கடலில் மீனவரோடு நீந்தியவை; ஈரடுக்கு மயிர் அதற்கு வாய்த்தது. அம்மயிரோடு அதனை மொட்டைமாடியிற் கட்டிவைப்பவரை யாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இனத்தைச் சொல்லி முடித்தோம். எமது துணிபு யாதெனின், இனத்தைவிட நேரமே பெரிது. விடியல்முதல் வெயிலேறும் வரை, பின் அந்தியில் ஒரு சிறுபொழுது. இதற்குட்பட்டால் ஸ்பானியலும் பிழைக்கும். இதனைக் கடந்தால் பாயிண்டரும் பிழையாது. குளிர்நாட்டினின்று வந்த நாயை இரண்டு மூன்று வாரம் சிறிது சிறிதாய் வெயிலிற் பழக்கவேண்டும். கொழுத்த நாயை முதலில் இளைக்கச்செய்தல் வேண்டும். உண்ணியும் உண்ணிக்காய்ச்சலும், தோட்டத்து எல்லையில் நாயையே நாடிவரும் சிறுத்தையும் தனிக்கட்டுரைக்கு உரியவை. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தவறலாகாதென்பதைக் குன்னூரார்க்கு எவரும் சொல்லவேண்டா. 1907 முதல் எம் ஊரிற் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் அதற்கெனவே நிற்கின்றது.

இனி, நாவைத் தடுத்த நினைவு. எம் தந்தையார் குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கர். தோட்டத்தைவிட்டுச் சென்ற அதிகாரியொருவர் தம் காக்கர் ஸ்பானியலை எம் வீட்டில் விட்டுச்சென்றார். மணி என்று அழைத்தோம். எமக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டின் ஏப்ரலில், தமக்கையாரின் திருமண நிச்சயத்திற்காகக் குடும்பத்தோடு காரில் கோயம்புத்தூர் புறப்பட்டோம். மணியை விட்டுவர மாட்டேனென்று அழுதவர் யாமே. பர்லியாற்று வளைவுகளில் வண்டிகள் நெருங்கி நீண்டநேரம் நின்றோம். மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் இறங்கிக் காப்பி அருந்தினோம். மணியைக் காருள் விட்டுக் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். இருபது நிமிடமே. வெளியில் முப்பது பாகையெனின் மூடிய காருள் அந்நேரத்தில் நாற்பதைக் கடந்துவிடும் என்பதை இன்று அறிவோம், அன்று அறியோம்.

திரும்பியபோது மணி எழவில்லை. தண்ணீர் கொணர ஓடினோம். அருகிருந்தோர், "குளிர்ந்த நீரை ஊற்றாதே, ஜன்னி கண்டுவிடும், ஈரத்துணியால் மூடி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ" என்றனர். அவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னதே. அவ்வாறே மூடிக் கொண்டுசென்றோம். வழியிலேயே அடங்கிவிட்டது. நிச்சய வீட்டில் அழலாகாதென அன்னையார் எம்மை அடக்கினார். கொல்லையில் குழிதோண்டியவர் மணமகனாகிய அத்தான். அன்றுமுதல் கண்காட்சி நாள்வரை அதனைப்பற்றி அவரும் பேசினாரல்லர்; யாமும் பேசினேமல்லேம்.

பின்னர்ப் படித்தறிந்தது இது. வெப்பத்தால் வீழ்ந்த நாயை முதலிற் குளிர்விக்கவேண்டும். அதன் பின்னரே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும் என்று இங்கிலாந்தின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியார் வலியுறுத்துகின்றனர். உடல் முழுதும் நீரை ஊற்றிக் காற்றுப்படச் செய்தல் வேண்டும். தண்ணீர் தீங்கென்னும் பழைய அச்சம் பொருளற்றது. நனைந்த துணியால் மூடிவைப்பதோ வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓடிக் களைத்த நாய் தானே தன் தலையை நீரில் முழுக்கியெடுக்குமாறு பழக்கினால் பிற வழிகளினும் விரைந்து வெப்பம் தணிதலைக் கண்டனர். வாளியின் அடியில் உணவுத்துண்டையிட்டுப் பழக்கினால் நாய் விளையாட்டாய்க் கற்றுக்கொள்ளும். அறிவோடு நிற்கும் நாய்க்கே இது பொருந்தும். மயங்கிய நாயின் தலையை முழுக்கினால் மூச்சில் நீர் புகும்.

இவற்றையெல்லாம் அத்தானுக்குக் கடிதமாக எழுதினோம். பாயிண்டர் வெயிலைப் பிறவற்றினும் நன்கு தாங்கும். ஆயினும் நாடோறும் விடியலிற் பல கல் ஓடவிட்டாலன்றி அது வீட்டையும் தன்னையும் கெடுத்துக்கொள்ளும். பறவையின்றி அதன் மூக்கிற்கு வேறு வேலை தரவேண்டும், ஒளித்துவைத்த பொருளைத் தேடுவதையேனும் பழக்கவேண்டும். ஐந்து மணிக்கு எழ இயலாதாயின் சிப்பிப்பாறையும் வேண்டா, அதற்கும் ஓட்டம் வேண்டும் என்றெழுதினோம். அத்தான் ஒரு திங்கள் விடையெழுதவில்லை. அத்திங்கள் முழுதும் ஐந்து மணிக்கு எழுந்து தனியே நடந்து பார்த்தாரெனத் தமக்கையார் தொலைபேசியிற் கூறிச் சிரித்தார்.

ஆடி மாதத்தில், தென்மேற்குக் காற்றால் கோவை குளிர்ந்திருந்த நாட்களில், பெங்களூரிலிருந்து பாயிண்டர்க் குட்டி வந்தது. இரவுப் பயணமாக, கண்ணாடியை இறக்கிவைத்து, இருமுறை வழியில் நிறுத்தி நீர் காட்டிக் கொணர்ந்தனர். பெயரிடும் உரிமையை எமக்கு விட்டார் அத்தான். மணி என்றே வைக்கலாமா என அன்னையாரை வினவினோம். வேண்டா என்றார்.